நாமினி முதலாளி இல்லை

போன மாசம் காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதைக் கடையில் ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். பச்சை அட்டை, உள்ளங்கைக்கு அடங்கும் சைஸ். அரிஸ்டாட்டிலின் 'இயற்பியல்', முதல் தொகுதி. இடது பக்கம் கிரேக்கம், வலது பக்கம் ஆங்கிலம். கிரேக்கம் எனக்கு ஒரு எழுத்து தெரியாது. அப்புறம் ஏன் வாங்கினாய் என்று வீட்டில் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்துத்தான் வாங்கினேன்: ஃபிலிப் விக்ஸ்டீட்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் எங்கேயோ இடிக்கும். நிலத்துக்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு, முதலுக்கு எவ்வளவு என்று உற்பத்தியைப் பங்கு போடும் பாடத்தில் வருவாரே, அதே விக்ஸ்டீட். 1894-ல் அதைப் பற்றி ஒரு சின்ன நூல் எழுதியவர். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி இவரைத் திட்டாத பொருளாதார மாணவன் கிடையாது. அந்த மனுஷன் வயசான காலத்தில் அரிஸ்டாட்டிலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இத்தனை வயசில்தான் தெரிந்தது. 1927-ல் இறந்துவிட்டார். புத்தகத்தின் முதல் தொகுதி 1929-ல் வந்தது, இரண்டாவது 1934-ல். முடித்து வெளியே கொண்டுவந்தவர் கார்ன்ஃபோர்டு என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர். தலைப்புப் பக்கத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

இதை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெருமையாகக் காட்டினேன். கூட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள், யாராவது ஒருத்தர் வீட்டில் இட்லி சாம்பார், அப்புறம் அரட்டை. அதில் கல்லூரியில் இலக்கியம் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"செத்தவர் பெயரில் புத்தகம் போடுவது பெரிய பாவம் சார். அவர் இதுதான் என் கடைசி வடிவம் என்று எங்கே சொன்னார்? நீங்க பேங்க்காரர்தானே, கையெழுத்து இல்லாத செக்கை பாஸ் பண்ணுவீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நண்பரும் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும் :-)

சார், கையெழுத்து இல்லாத செக்கை நான் பாஸ் பண்ண மாட்டேன். கையெழுத்து இருந்தாலும், கணக்குக்காரர் இறந்துவிட்டார் என்று தெரிந்த நிமிஷமே அந்தக் கணக்கில் அவர் எழுதிய செக்கை நிறுத்திவிடுவேன். ஆனால் அதற்கு அப்புறம் என்ன செய்கிறோம் என்று நீங்கள் கேட்கவில்லையே? கணக்கில் இருக்கும் பணத்தைக் கல்லறையில் வைத்துப் பூட்டுகிறோமா? இல்லை. நாமினியைக் கூப்பிடுகிறோம், சான்றிதழ் வாங்குகிறோம், இருக்கும் பாக்கியைப் பைசா குறையாமல் கொடுக்கிறோம். செக் என்பது ஒரு உத்தரவு, உத்தரவு போட்டவர் போனால் அதுவும் போயிற்று. டெபாசிட் என்பது அவர் உழைத்துச் சேர்த்தது, அவர் போனாலும் அது இருக்கும். கையெழுத்துப் பிரதி செக் இல்லை சார், டெபாசிட்.

என் கட்சி இரண்டே வரிதான். இறந்தவர் விட்டுப்போன பாக்கியைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் அவர் கணக்கில் அவர் பெயரால் புது வரவு செலவு வைக்கக் கூடாது. இந்த இரண்டாவது வரியை மீறுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். நண்பரின் கோபம் தப்பான ஆள்மேல் பாய்கிறது.

"ஆசிரியர் கடைசி வடிவம் என்று சொல்லாததை வெளியிடாதே" என்று ஒரு சட்டம் போட்டால் கிரேக்கத் தத்துவமே பாதிக்கு மேல் காலி. பிளேட்டோவின் கடைசி நூல் 'சட்டங்கள்'. அவர் இறந்தபோது அது மெழுகுப் பலகைகளில்தான் இருந்தது என்றும், ஓப்புஸ் ஊர் ஃபிலிப் என்ற சீடர்தான் பெயர்த்து எழுதினார் என்றும் டயோஜனீஸ் லாயர்டியஸ் எழுதிவைத்திருக்கிறார். ப்ளோட்டினஸ் கி.பி. 270-ல் இறந்தார். அவர் எழுதியதை சீடர் போர்ஃபிரி தொகுத்து வெளியிட்டது சுமார் 30 வருஷம் கழித்து. அரிஸ்டாட்டில் என்று இன்றைக்கு நாம் படிப்பவை பெரும்பாலும் அவர் புத்தகமாக வெளியிடாத பாடக் குறிப்புகள். அவற்றை ஒழுங்குபடுத்திய பெருமை, அவர் இறந்து இருநூறு வருஷத்துக்கும் மேலே கழித்து வந்த ரோட்ஸ் தீவு ஆண்ட்ரோனிகஸுக்குப் போகிறது. மூலமே இப்படி வந்திருக்கும்போது மொழிபெயர்ப்புக்கு மட்டும் என்ன தனி மடி ஆசாரம்?

சொல்லப்போனால், மொழிபெயர்ப்பை வெளியிடத்தான் காரணம் அதிகம். அரைகுறையாக நின்றுபோன கவிதையில் அடுத்த வரி என்ன என்பது அந்தக் கவிஞருக்கு மட்டும்தான் தெரியும். மொழிபெயர்ப்பு அப்படி இல்லை. மூலம் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த வரியில் தப்பு, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கிரேக்கம் தெரிந்த யாரும் ஒத்துப்பார்க்கலாம். எங்கள் பாஷையில் சொன்னால் வவுச்சர் இருக்கிற கணக்கு. வவுச்சர் இருந்தால் இன்னொருத்தர் உட்கார்ந்து பாலன்ஸ் பண்ணலாம், ஒரு தப்பும் இல்லை. பண்ணியவர் தன் இனிஷியலைப் போடவேண்டும், அவ்வளவுதான்.

அந்த இனிஷியலைப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அரிஸ்டாட்டில் கதையிலேயே உதாரணம் இருக்கிறது. ஸ்ட்ராபோ என்ற பழைய பூகோள ஆசிரியர் சொல்கிற கதை. அரிஸ்டாட்டிலின் புத்தகங்கள் தியோஃபிராஸ்டஸிடம் போய், அவரிடமிருந்து நெலெயுஸ் என்பவருக்குப் போயின. நெலெயுஸின் வாரிசுகளுக்குப் படிப்பு வாசனை கிடையாது. ஊரை ஆண்ட ராஜா நூலகத்துக்காகப் புத்தகம் தேடுகிறான் என்று தெரிந்ததும் பயந்துபோய்ப் பள்ளம் தோண்டிப் புதைத்துவிட்டார்கள். ஈரமும் பூச்சியும் தின்றது போக மிச்சத்தை அப்பெல்லிக்கோன் என்ற பணக்காரர் விலைக்கு வாங்கினார். அவருக்குத் தத்துவத்தைவிடப் புத்தகத்தின் மேல்தான் ஆசை என்கிறார் ஸ்ட்ராபோ. பூச்சி அரித்த இடங்களை இவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிப் பிரதி எடுக்கவைத்தார். தப்பும் தவறுமாக வெளியே போனது. பிறகு கி.மு. 86-ல் ஸுல்லா ஏதென்ஸைப் பிடித்தபோது அந்த நூலகம் ரோமாபுரிக்குப் போனது. இந்தக் கதை முழுக்க நிஜம்தானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். ஸ்ட்ராபோவுக்கு எங்கே வலித்தது என்று பாருங்கள். புத்தகம் வெளியே வந்தது அவருக்குக் குறையில்லை. ஓட்டையை எவன் அடைத்தான் என்று தெரியாதபடி அடைத்ததுதான் குறை.

இதற்கு நேர் எதிர் போர்ஃபிரி. அவரும் கை வைத்தவர்தான், லேசாக இல்லை. குருவின் கட்டுரைகளை ஆறு கட்டு, கட்டுக்கு ஒன்பது என்று 54 ஆக்கினார். அந்தக் கணக்குக்காகச் சில பெரிய கட்டுரைகளை வெட்டவும் செய்தார். ஆனால் குருவின் வாழ்க்கை வரலாறு ஒன்றை எழுதி முன்னால் வைத்தார். கட்டுரைகள் நிஜத்தில் எந்த வரிசையில் எழுதப்பட்டன, தான் எப்படி அடுக்கினேன் என்று அதில் பட்டியல் போட்டுக் காட்டிவிட்டார். அதனால் இன்றைக்கும் ஒருத்தர் உட்கார்ந்து போர்ஃபிரியின் அடுக்கைக் கலைத்துவிட்டுப் பழைய வரிசையில் படிக்கலாம். ஆடிட்டர் வந்தால் சந்தோஷப்படுவார்.

அதே ப்ளோட்டினஸை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் ஸ்டீஃபன் மக்கென்னா, அயர்லாந்துக்காரர். சின்ன வயதில் பேங்கில் குமாஸ்தாவாக இருந்தவர், நம்ம ஜாதி. 1917-ல் முதல் தொகுதி, 1930-ல் கடைசித் தொகுதி. 1934-ல் இறந்தார். கடைசிக் காலத்தில் அவருக்குக் கைகொடுத்த பேஜ் என்பவர் பிற்பாடு மொழிபெயர்ப்பைத் திருத்தி மறுபதிப்புக் கொண்டுவந்தார். 'மக்கென்னா மொழிபெயர்ப்பு, பேஜ் திருத்தியது' என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டார். திருத்தம் பிடிக்காதவர்கள் பழைய பதிப்பைத் தேடிப் போகலாம். இதைத்தான் யோக்கியம் என்கிறேன்.

இன்னொரு பேங்க் குமாஸ்தா கதையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஃப்ளாயர் சிடென்ஹாம் என்று ஒருவர் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தார். பிளேட்டோ முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவருவேன் என்று ஆரம்பித்து, ஒவ்வொரு உரையாடலாக அச்சிட்டு, சந்தாதாரர்களை நம்பியே வாழ்ந்தார். சந்தா வரவில்லை. சாப்பாட்டுக்கடை பாக்கிக்காக அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 1787-ல் செத்தும் போனார். அந்தச் சாவு உறுத்தித்தான் கஷ்டப்படும் எழுத்தாளர்களுக்கு உதவ 1790-ல் ஒரு நிதி தொடங்கினார்கள். அந்த நிதி இன்றைக்கும் இயங்குகிறது.

அவர் விட்ட வேலையை எடுத்தவர் தாமஸ் டெய்லர். லண்டனில் லப்பக் பேங்கில் குமாஸ்தா. பகலில் லெட்ஜர், ராத்திரியில் கிரேக்கம். 1804-ல் பிளேட்டோ முழுவதும் ஐந்து பெரிய தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. முழு பிளேட்டோ ஆங்கிலத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. அந்தத் தலைப்புப் பக்கத்தில் என்ன போட்டார் தெரியுமா? ஒன்பது உரையாடல்கள் காலஞ்சென்ற சிடென்ஹாம் செய்தவை, மீதி நான் செய்தவை. செத்து 17 வருஷம் ஆன மனுஷன். கடன்காரனாகச் செத்தவன். கேட்க நாதி இல்லை. 'எல்லாம் நானே செய்தேன்' என்று டெய்லர் போட்டிருந்தால் எவன் வந்து கேட்டிருப்பான்? போடவில்லை. டெய்லரின் ஆங்கிலத்தை அந்தக் காலத்து விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள், அது வேறு விஷயம். கணக்கில் சுத்தமான ஆள்.

"அதெல்லாம் பெரிய மனுஷங்க சார். நடைமுறையில் பதிப்பிக்கிறவன் வந்தால் பாஷையை மாற்றுவான், பாதியைச் சேர்ப்பான், பெயரையும் தூக்குவான். அதுக்கு வெளியிடாமலே இருக்கலாம்." நண்பர் அடுத்து இதைத்தான் சொல்வார் என்று தெரியும். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் திருடன் வருவான் என்று பேங்கையே மூடச் சொல்வது தீர்வா?

என் தொழிலில் ஒரு விஷயத்தை வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லவேண்டி வருகிறது. நாமினி என்றால் முதலாளி இல்லை. 'அப்பா என் பெயரைத்தான் போட்டார், பணம் பூரா எனக்குத்தான்' என்று அண்ணன் வந்து நிற்பார். தங்கை வெளியே அழுதுகொண்டிருப்பார். சட்டம் என்ன சொல்கிறது என்றால், நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாரிசுகளின் சார்பில் ஒரு தர்மகர்த்தா மாதிரிதான். கோவில் உண்டியல் சாவி தர்மகர்த்தாவிடம் இருக்கலாம், உண்டியல் சாமியுடையது. இறந்தவர் நூலைப் பதிப்பிக்கிறவரும் அவ்வளவுதான். சாவி அவர் கையில், சொத்து அவருடையது இல்லை. ஒரு சொல்லைத் திருத்தினால் திருத்தினேன் என்று சொல்லவேண்டும். ஒரு பக்கம் சேர்த்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போடவேண்டும். கிடைக்காத இடத்தைக் காலியாகவே விடவேண்டும். இதற்கு மேல் பெரிய பதிப்பு நெறி எதுவும் எனக்குத் தெரியாது, தேவை என்றும் தோன்றவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் நண்பருக்கு விட்டுக்கொடுக்கிறேன். 'இதை எரித்துவிடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால் அது அவர் உத்தரவு. நானாக இருந்தால் மீற மாட்டேன். ஆனால் ஒன்றும் சொல்லாமல் போனவரின் மௌனத்தை 'வேண்டாம்' என்று மொழிபெயர்க்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதுகூட வாரிசு என்றைக்கு வந்து கேட்டாலும் கொடுத்தே ஆகவேண்டும். கேட்காததால் உரிமை செத்துவிடாது.

பெஞ்சமின் ஜோவெட் என்று ஒருவர், நம்மில் ஆங்கிலத்தில் பிளேட்டோ படித்தவர்கள் பெரும்பாலும் படித்தது இவருடைய மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும். 1871-ல் முதலில் வந்தது. 1893-ல் இறந்தார். புத்தகங்களின் உரிமையைத் தன்னுடைய பேலியல் கல்லூரிக்கு எழுதிவைத்தார். விற்று வரும் பணத்தில் கிரேக்க நூல்களுக்குப் புது மொழிபெயர்ப்புகள் கொண்டுவாருங்கள் என்பது உயிலில் இருந்த விருப்பம். அதன்படிதான் அரிஸ்டாட்டில் முழுவதும் ஆக்ஸ்ஃபோர்டு மொழிபெயர்ப்பாக 12 தொகுதிகளில் 1908-லிருந்து 1952 வரை வந்தது. ஒரு செத்த மனுஷனின் பிளேட்டோ சம்பாதித்துக் கொடுத்து அரிஸ்டாட்டிலைப் படிக்கவைத்திருக்கிறது. அவருடைய பிளேட்டோவையே 1953-ல் வேறு இரண்டு பேர் திருத்திப் புதுப் பதிப்பு போட்டார்கள், அதையும் வெளிப்படையாகச் சொல்லித்தான்.

சரி, இங்கிலாந்தில் நடந்ததற்கு இங்கே கல்கத்தாவில் உட்கார்ந்து நீ ஏன் இவ்வளவு குதிக்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், வேலை தர்மம்.

சில வருஷம் முன்னால் ஒரு லாக்கர் திறந்தோம். லாக்கர்காரர் இறந்துவிட்டார், ரிட்டயர்டு வாத்தியார், வங்காளி. நாமினி மகன், வெளியூரிலிருந்து வந்திருந்தார். இரண்டு சாட்சி வைத்து, உள்ளே இருப்பதைப் பட்டியல் போட்டு ஒப்படைக்கவேண்டும், அதுதான் விதி. இரண்டு வளையல், ஒரு சங்கிலி, சில பத்திரங்கள். அப்புறம் பாலிதீன் பையில் சுற்றி ஏழு நோட்டுப்புத்தகம். என்னுடன் இருந்த வங்காளி சகா புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "தாதா, இது பிளேட்டோ. சாக்ரடீஸ் விசாரணை." ஏழாவது நோட்டு பாதியில் நின்றிருந்தது. மகன் ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்பா ரிட்டயர் ஆனப்புறம் ஏதோ கிறுக்கிக்கிட்டிருப்பார். இதை எதுக்கு லாக்கர்ல வெச்சார்னு தெரியலை" என்றார். கெட்ட மனுஷன் இல்லை, நல்ல மாதிரிதான். அவருக்குச் சாயந்திரம் ஃபிளைட்.

பட்டியலில் 'நோட்டுப்புத்தகம் - 7' என்று எழுதினேன். உள்ளே என்ன என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. கையெழுத்து வாங்கினேன், ஒப்படைத்தேன். 'சார், இதை ஏதாவது லைப்ரரியில் கொடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாடிக்கையாளர் சொத்து பற்றி நாம் கருத்து சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நோட்டுகள் இன்றைக்கு எங்கே என்று தெரியாது. பழைய பேப்பர்காரனிடம் போயிருக்கலாம், அலமாரியிலும் இருக்கலாம். அந்த வாத்தியார் நகைக்குச் சமமாக வாடகை கட்டிப் பூட்டி வைத்ததை நான் வெறும் எண்ணிக்கையாக எழுதிக் கொடுத்தேன். நண்பர் 'பாவம்' என்று சொன்னாரே, எனக்குத் தெரிந்த பாவம் அதுதான்.

நம் வீடுகளுக்கு வாருங்கள். நம்மில் பலருக்கு பிளேட்டோவைத் தமிழில் அறிமுகப்படுத்தியவர் வெ. சாமிநாத சர்மா. ரங்கூனில் இருந்து பத்திரிகை நடத்தி, 1942-ல் யுத்தத்தில் நடந்தே இந்தியா திரும்பியவர். அவர் எழுதியது அச்சில் வந்ததால் நமக்குக் கிடைத்தது. அவரைப் படித்துவிட்டு எந்த ஊர்த் தலைமையாசிரியர், எந்தத் தபால் ஆபீஸ்காரர் தானும் நாலு நோட்டு எழுதிவைத்தார் என்று யாருக்குத் தெரியும்? ஊரில் வீட்டை விற்கும்போது நாம் டெல்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் மூன்று நாள் லீவில் போகிறோம். பத்திரத்தைப் பார்க்கிறோம், பாத்திரத்தைப் பங்கு போடுகிறோம், மேல் பரணில் இருக்கும் காகிதத்தை எடைக்குப் போடுகிறோம். கிலோ என்ன விலை என்று பேரம் வேறு பேசுகிறோம்.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு சாயந்திரம் பரணில் ஏறுங்கள். அப்பாவோ மாமாவோ உயிரோடு இருந்தால் முதல் பக்கத்தில் நாலு வரி எழுதி வாங்குங்கள்: எந்தப் புத்தகத்திலிருந்து செய்தது, எது முடிந்தது, எது பாதி, யார் வெளியிடலாம். அவர் போய்விட்டிருந்தால் நீங்களே தேதி போட்டு எழுதுங்கள், இன்னாருடையது, இன்ன இடத்தில் கிடைத்தது என்று. உரிமை போய்விடும் என்ற பயமும் வேண்டாம். ஆசிரியர் இறந்த பிறகு முதல் முறை வெளியாகும் நூலுக்கு, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டு காப்புரிமை நம் சட்டத்திலேயே உண்டு. பதிப்பாளர் கிடைக்காவிட்டால் ஃபோட்டோ எடுத்தாவது வையுங்கள்.

டெபாசிட் கணக்குக்கு 2025 நவம்பரிலிருந்து நாலு நாமினி வரை போடலாம் என்று ஆகிவிட்டது. நோட்டுப்புத்தகத்துக்கு ஒருத்தராவது இருக்கட்டும்.

பி.கு.: நண்பர் அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார். விக்ஸ்டீடின் பச்சைப் புத்தகம் மேஜை மேல் இருக்கும். சண்டை தொடரும், இட்லியும் உண்டு.